பெனிலாவின் சுவர்

இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இல்லை, அது பொய், இவ்வளவு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் அடையாற்றிலிருந்து நீலாங்கரை வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன், ஒவ்வொரு சிக்னலிலும், சின்னதாக இருந்துவிடக் கூடாது, ஒரு துணியால் துடைத்தால் போய்விடுகிற அழுக்காக இருந்துவிடக் கூடாது என்று. சாமியிடம் கேட்கிற காரியமா இது, ஆனாலும் கேட்டேன். இப்போது என் எதிரே இருக்கிறது. தரையிலிருந்து என் தலைக்கும் ஒரு சாண் மேலே வரைக்கும், தேன் நிறத்து ஓக் பலகைகளின் மேல் கருநீலம், பேனா கசிந்த சட்டைப் பையில் பரவுமே அந்த நிறத்தில் கறை, மேகம் மேகமாக. கடல் பார்த்த இந்த வாசிப்பு அறையில் வேறு எதன் மேலும் கண் போக மாட்டேன் என்கிறது. இந்த வீட்டின் சொந்தக்காரர் தேனம்மை ஆச்சி இப்போது இங்கே இல்லை. முட்டிக்கு ஃபிசியோதெரபி எடுக்கப் போயிருக்கிறார்களாம். "வந்துருவாங்க மேடம், நீங்க உக்காருங்க, அந்தப் பொண்ணும் திருவான்மியூர் வந்துருச்சாம், போன் பண்ணுச்சு" என்று காப்பியை வைத்துவிட்டுப் போனாள் பஞ்சவர்ணம், இந்த வீட்டில் சமையல், துடைப்பது, பெருக்குவது எல்லாம் அவள்தான். அந்தப் பொண்ணு. பெயர் சொல்லவில்லை. என்னை வத்சலா மேடம் என்று வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் அவளை அந்தப் பொண்ணு என்றாள், அதில் எனக்கு ஒரு சின்ன இனிப்பு, நாக்கின் அடியில் கற்கண்டு ஒதுக்கினது மாதிரி. ஐம்பதைத் தாண்டின பிறகு, ஊரெல்லாம் வீடு கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு சமையற்காரம்மா யாரை எப்படிச் சொன்னாள் என்று எடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், காப்பி ஆடை படிகிறது.

அந்தப் பொண்ணு, பெனிலா, வீடு கட்டி உள்ளலங்காரமும் செய்கிற என் ஆபீசில் இருந்தவள், இந்தச் சுவரைச் செய்தவள். மார்த்தாண்டத்திலிருந்து வந்த புதிதில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடையும், எதைச் சொன்னாலும் "செரி மேடம்" என்கிற குரலும், அவ்வளவுதான் அவள். பிளைவுட்டைத் தட்டினால் எப்படிக் கேட்கும், நல்ல மரத்தைத் தட்டினால் எப்படிக் கேட்கும் என்று நான்தான் அவள் விரலைப் பிடித்துத் தட்டிக் காட்டினேன். பலகையை மோந்து பார்க்கச் சொன்னேன், முதலில் சிரித்தாள், அப்புறம் என்னைவிட நன்றாக மோந்தாள். அங்கேதான் எனக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகும்போதாவது சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கலாம், அப்படிப் போனவர்களை நான் எளிதாக மறந்திருக்கிறேன், இவள் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, கண் கலங்கி, பிரார்த்தனையில் உங்களை நினைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நினைத்துக்கொண்டும் இருப்பாள். அதுதான் தொந்தரவு. அப்புறம் இந்தச் சுவர் பத்திரிகையில் வந்தது, இரண்டு பக்கத்துக்கும் நீண்ட ஒரே படம், சாயங்கால வெயில் பலகைகளின் மேல் சாய்ந்து விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே அதைப் புரட்டி, "நம்ம பெனிலாவா இது? ரொம்ப நல்லா பண்ணியிருக்கால்ல?" என்றார். நான் ம் என்றேன். அவருக்கு மரமும் தெரியாது மண்ணும் தெரியாது, வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர், முப்பது வருஷமாக நான் செய்த வீடு ஒவ்வொன்றையும் கிரகப்பிரவேசத்தில் பார்த்து "நீட்டா இருக்கு" என்று மட்டும் சொன்னவர். நீட்டா. இவளுக்கு மட்டும் ரொம்ப நல்லா. அவர் கை கழுவப் போனபோது சூடான ரசப் பாத்திரத்தை அந்தப் படத்தின் மேல் வைத்தேன். தெரியாமல் வைத்தது மாதிரிதான் வைத்தேன். வட்டமாக ஈரம் ஊறியது. அவர் திரும்பி வந்து பாத்திரத்தை நகர்த்தி, ஐயோ என்று ஒரு துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார், என்னவோ அவருடைய மகள் கல்யாணப் போட்டோ மாதிரி.

ஆச்சியின் ஆழ்வார்பேட்டை வீடு நான் செய்தது. முழுக்கத் தேக்கு. ஒரு காலண்டர் மாட்ட வேண்டுமென்றால்கூட தேனம்மை ஆச்சி எனக்குப் போன் பண்ணி எங்கே ஆணி அடிக்கலாம் என்று கேட்பார்கள். கடற்கரையில் புது வீடு என்றதும், "கொஞ்சம் புதுசா பண்ணிப் பாக்கலாம்னு இருக்கேன் வத்சலா, அந்தப் பெனிலாவை வரச் சொல்லியிருக்கேன், உங்ககிட்ட கத்துக்கிட்ட பிள்ளைதானே, தப்பா நெனச்சுக்காதீக" என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே, ஐயோ ஆச்சி, எனக்குப் பெருமைதானே என்றேன். அந்தச் சிரிப்பை இன்னும் என் கன்னத்தில் எங்கேயோ வைத்திருக்கிறேன், எடுக்க முடியவில்லை. நேற்று மறுபடி போன். "மரம்னா உங்களுக்குத்தான் தெரியும் வத்சலா. இந்த ஓக் சுவரு இப்படிக் கறுத்துப் போச்சு, ஏன்னு வந்து பாத்துச் சொல்லுங்க. ஆகாதுன்னா எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு நீங்களே தேக்குல பண்ணிருங்க. தம்பி பாண்டிச்சேரியில ஓட்டல் கட்டுறான்ல, பெனிலாகிட்ட குடுக்கலாம்னு இருந்தான், இப்ப இந்தச் சுவத்தைப் பாத்துட்டு யோசிக்கிறான்." யோசிக்கட்டும். நன்றாக யோசிக்கட்டும் என்று நினைத்தேன், வாயால் சொன்னது, பாவம் ஆச்சி அந்தப் பொண்ணு, நான் வந்து பார்க்கிறேன். ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே நிம்மதியான தூக்கம்.

சரி, ஏன் கறுத்தாய்? காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து பக்கத்தில் போனேன். வெயிலா? வெயில் பட்டால் ஓக் மஞ்சளிக்கும், பழுத்துப் போகும், ஆனால் சுவர் முழுக்க ஒரே மாதிரி பழுக்கும், இப்படித் திட்டுத் திட்டாக நீலம் பூக்காது. பூஞ்சணமா? அதுவாக இருந்தால் நல்லது, சரியாகக் காயாத மரத்தை வாங்கி அடித்துவிட்டாள் என்று ஆகும், அவசரக்காரி, பேர் வாங்குகிற அவசரம். மூக்கைப் பலகையில் வைத்து மோந்தேன். பூஞ்சணம் பிடித்த மரம் மழைக்காலத்துச் சாக்கு மாதிரி நாறும். இது நாறவில்லை. எண்ணெய் வாசனை, அதற்கு அடியில் ஓக்கின் லேசான புளிப்பு, பழைய காடி ஜாடியைத் திறந்த மாதிரி, காய்ந்த, ஆரோக்கியமான மரம். சுவரின் ஈரம் பின்பக்கமாக ஏறியிருக்குமா, சிமெண்டின் காரம் பட்டால் ஓக் நிறம் மாறும். கைப்பையிலிருந்து என் விசிட்டிங் கார்டை எடுத்துப் பலகையின் ஓரத்தில் செருகினேன். சுலபமாக உள்ளே போனது, இன்னும் போனது, விரல் நுனி வரைக்கும் போனது. பின்னால் காற்று போக இடைவெளி விட்டிருக்கிறாள். கடலோரத்தில் பலகையைச் சுவரோடு ஒட்ட வைக்காதே, மூச்சு விட இடம் கொடு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். என் பெயர் அச்சடித்த கார்டை அவள் விட்ட இடைவெளியிலிருந்து இழுத்தபோது ஓரம் மடங்கியிருந்தது.

இரும்பு. இரும்பாகத்தான் இருக்க வேண்டும், இந்த நீலம் இரும்பின் நீலம், எனக்கு முதல் பார்வையிலேயே தெரியும், மற்றதெல்லாம் சும்மா சுற்றி வந்தேன், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே குத்தலாம் என்று பார்க்கிற மாதிரி. நெல்லிக்காயை இரும்புச் சட்டியில் வதக்கினால் கறுக்கிறதே, வாழைப்பூவை அரிவாள்மனையில் நறுக்கினால் விரலெல்லாம் கறுக்கிறதே, அதேதான். ஓக் துவர்ப்பான மரம், வெற்றிலை போடுகிறவர்கள் வாய் மாதிரி அதன் உடம்பெல்லாம் துவர்ப்பு, அதில் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மை. நிஜமாகவே மை, அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சி எழுதியிருக்கிறார்கள். ஆக, அவள் மலிவான இரும்புத் திருகாணி போட்டிருக்கிறாள். ஓக்கில் துருப்பிடிக்காத எஃகுதான் போட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். போட்டிருக்கிறாள், போட்டிருக்கிறாள் என்று எனக்குள் ஒரு தாளம். சுவிட்ச் போர்டுக்குக் கீழே கழற்றி மாட்டுகிற சின்னப் பலகை இருந்தது, அதில் மட்டும் திருகாணித் தலைகள் வெளியே தெரிந்தன. என் கைப்பையின் மூடியில் காந்தப் பித்தான், இரும்பென்றால் ஒட்டும், துருப்பிடிக்காத எஃகென்றால் ஒட்டாது. முட்டி போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, பையைத் திருகாணியின் மேல் வைத்தேன். ஒட்டவில்லை. நழுவி விழுந்தது. இன்னொன்றில் வைத்தேன். விழுந்தது. ஒவ்வொன்றிலும் அழுத்தி வைத்து வைத்துப் பார்த்தேன், ஒட்டு, ஒட்டித் தொலை, ஒரே ஒன்றிலாவது. எல்லாம் எஃகு, எல்லாம் சரியாக, தலையெல்லாம் ஒரே கோட்டில் நிற்க, என்னிடம் கற்றுக்கொண்ட மாதிரியே.

"என்ன மேடம், ஏதாச்சும் விழுந்துருச்சா?" பஞ்சவர்ணம் காப்பி டம்ளரை எடுக்க வந்திருந்தாள். தரையில், நாலு காலில், கைப்பையைச் சுவரோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு நான். "கம்மல் திருகு" என்றேன். அவள் உடனே டம்ளரை வைத்துவிட்டு என் பக்கத்தில் முட்டி போட்டு உள்ளங்கையால் தரையைத் தடவ ஆரம்பித்தாள். என் காதைப் பார்த்திருந்தால் இரண்டு கம்மலும் திருகோடு இருப்பது தெரிந்திருக்கும், பார்க்கவில்லை, என் வார்த்தையை நம்பித் தேடினாள். எனக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை. "இங்க விழுந்தா எங்கயும் போகாது மேடம். தெனம் இந்த சுவத்தையும் தரையையும் நான் தொடைக்கறேன்ல, ஒரு தூசு தெரியாம இருக்காது." "சுவரையுமா தொடைக்கிறே?" "ஆமா, ஆச்சிதான் சொன்னாங்க. கடல் காத்துல உப்பு ஒட்டி பிசுபிசுங்குது, தெனம் ஈரத் துணி போட்டு நல்லா அழுத்தித் தொடைன்னு. எனக்குக் கை எட்டுற வரைக்கும் தொடைப்பேன். அப்புறம் கறுப்பு விழ ஆரம்பிச்சுச்சா, அழுக்குதான் ஏறுதுன்னு இன்னும் அழுத்தித் தொடைச்சேன். தொடைக்கத் தொடைக்கக் கறுக்குது மேடம், என்ன மரமோ." நான் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். மேகம் இல்லை அது. கை வீசின வளைவுகள். தோளிலிருந்து ஒரு கை இடமும் வலமும் போய் வந்த வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்று, அவள் உயரத்துக்கு எட்டின இடத்தில் சட்டென்று நின்று, அதற்கு மேல் ஒரு பொட்டுக்கூட இல்லை. இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவே இல்லை. "எந்தத் தண்ணி?" "போர் தண்ணிதான் மேடம், பின்னாடி குழாய்ல." திருகு கிடைத்துவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டு, கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லின் மேல் குழாய், குழாய்க்குக் கீழே கல்லில் செங்காவி நிறத்தில் நாக்கு மாதிரி ஒரு நீளக் கறை, பக்கெட்டின் விளிம்பெல்லாம் அதே துரு. தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கு நுனியில் வைத்தேன். இரும்பு.

ஆக முடிந்தது. பெனிலா மேல் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல மரம், நல்ல எஃகு, நல்ல இடைவெளி. கெட்ட தண்ணீர். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், அப்போதுதான் அந்த நினைப்பு மெல்ல, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற மாதிரி வந்தது, இது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குத் தெரிந்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாள். நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், தொடைக்கச் சொன்னது ஆச்சி, ஆச்சியைப் பார்த்து உங்களால்தான் என்று சொல்ல முடியுமா, ஆச்சி அதைப் பஞ்சவர்ணத்தின் மேல் இறக்குவார்கள், நல்ல தண்ணியில தொடைக்கக் கூடாதா என்பார்கள், பாவம் அவள், கம்மல் திருகு தேடினவள், அவள் வேலை போகும். ஏழை வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும். எவ்வளவு இரக்கம் எனக்கு. இந்த இரக்கம் இந்த வீட்டுக்குள் நுழையும்போது எங்கே இருந்தது? ஆனால் பொய்யும் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் அழகு. பெனிலா மரத்தின் மேல் பாலிஷ் ஏற்றவில்லை, வெறும் எண்ணெய் மட்டும் தடவித் திறந்து விட்டிருக்கிறாள், கனமாகப் பாலிஷ் ஏற்றியிருந்தால் எந்தத் தண்ணீரும் இறங்கியிருக்காது. அது உண்மை. நான் அதை மட்டும் சொன்னால் போதும். நானாக இருந்தால் ஏற்றியிருப்பேன், கண்ணாடி மாதிரி, முப்பது வருஷமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன், ஆழ்வார்பேட்டையில் அந்தத் தேக்கு இன்னும் பளபளவென்று இருக்கிறது, ஐஸ்பெட்டியில் கிடக்கிற மீன் மாதிரி பளபளவென்று. கறை எட்டாத மேல் பலகையை எட்டித் தொட்டேன். மரமே கையில் பட்டது. வெதுவெதுப்பாக, ரேகை ரேகையாக. ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம் என்று ஒழுங்கே இல்லாத மாதிரி அடுக்கி, நடுவில் மெல்லிய நிழல் கோடு விட்டு, தள்ளி நின்று பார்த்தால் அலை போய் வருகிற மாதிரி. எனக்கு இது தோன்றியிருக்காது. நூறு ஜென்மம் எடுத்தாலும் தோன்றியிருக்காது. இவள் எங்கிருந்து எடுத்தாள்? என் எதிரே உட்கார்ந்து செரி மேடம், செரி மேடம் என்று தலையாட்டினபோதெல்லாம் இந்தச் சுவர் அவள் தலைக்குள் இருந்ததா? என் பளபளப்பையெல்லாம் பார்த்துக்கொண்டு, உள்ளே இதை வைத்துக்கொண்டா ஆட்டினாள்?

கார் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், இரண்டு பேரும் வாசலிலேயே சந்தித்துவிட்டார்கள், ஆச்சி பெனிலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்கள். ஆழ்வார்பேட்டையில் அந்தக் கை என் தோளில் இருக்கும். உள்ளே வந்ததும் ஆச்சி, "எப்ப வந்தீக வத்சலா, காப்பி குடிச்சீகளா?" என்றார்கள், பெனிலா "மேடம்" என்று மட்டும் சொல்லி நின்றாள். இளைத்திருந்தாள். மஞ்சள் சுடிதாருக்குப் பச்சைத் துப்பட்டா, கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள், காதோரம் நரை, எனக்குத் தெரியாமல் எப்போது வந்தது அவளுக்கு நரை. "மேடம், எனக்கு ஒண்ணும் புரியல. மரம் குடுத்தவங்ககிட்ட கேட்டேன், மரத்துல குறை இல்லேங்கிறாங்க. திருகாணி எல்லாம் எஃகுதான். பின்னாடி ஈரமும் இல்ல. நான் என்ன தப்பு பண்ணினேன்னே தெரியல. நீங்க பாத்தீங்களா மேடம்?" கண்ணை அகல வைத்துக்கொண்டு கேட்டாள், பலகையை மோந்துவிட்டு இது என்ன மரம் மேடம் என்று கேட்பாளே, அதே கண். ஆச்சி நாற்காலியில் மெல்ல இறங்கி உட்கார்ந்து, "சொல்லுங்க வத்சலா, நீங்க சொன்னா சரி" என்றார்கள்.

"எண்ணெய் மட்டும் போட்டுத் திறந்து விட்டிருக்கு ஆச்சி" என்று என் குரல் சொன்னது, நிதானமாக, வருத்தம்கூடக் கலந்து. "கடலோரத்துல ஓக்கை அப்படி விடக் கூடாது. மேல கனமா பாலிஷ் ஏத்தியிருக்கணும்." சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. பெனிலா சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவள் முகம் மெதுவாக இறங்கியது, இதைத்தான் நான் பார்க்க வந்தேன், பார்த்தேன், இனிப்பாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்புறம் அவள் ஆச்சி பக்கம் திரும்பி, "மேடம் அப்பவே சொல்லியிருக்காங்க ஆச்சி. ஓக்னா திறந்து விடாதேன்னு. நான்தான் கேக்கல" என்றாள். நான் சொன்னதே இல்லை. என் ஆபீசில் ஓக் வந்ததே இல்லை, ஓக் பற்றி ஒரு நாளும் அவளிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். என் பேரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நம்பித்தான் சொன்னாள். நல்லதாக எது தெரிந்தாலும் அது என்னிடமிருந்துதான் வந்திருக்கும், தான் அதை மறந்திருப்போம் என்று நம்புகிறாள். என்னுடைய விஷத்தைக்கூடப் பாடமாக எடுத்துப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டாள். இப்படிப்பட்டவளை என்ன செய்வது, எந்தப் பக்கமாகப் பிடித்து வெறுப்பது. "அப்ப பிடுங்கிற வேண்டியதுதான்" என்றார்கள் ஆச்சி. "எடுத்துர்றேன் ஆச்சி" என்றாள் பெனிலா, "நானே ஆள் வெச்சு எடுத்துர்றேன், உங்களுக்கு ஒரு சிரமமும் வராது." சொல்லிக்கொண்டே கறுத்த பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பது மாதிரி, வைத்தபடியே நின்றாள். அந்தக் கையைப் பார்த்ததும் நான் சுவர் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தேன். நல்லெண்ணமா அது, தெரியாது. இந்தச் சுவரைப் பிடுங்கிவிட்டு நான் தேக்கு அடிக்கிறேன், பளபளவென்று பாலிஷ் ஏற்றுகிறேன், அப்புறம் ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து என் சுவரைப் பார்க்க வேண்டும், அந்த இடத்தில் குறையே இல்லாத இந்தச் சுவர் இருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். வாசற்படியில் பஞ்சவர்ணம் ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பஞ்சவர்ணம், எலுமிச்சம்பழம் இருக்கா?"

"சர்பத் வேணுமா வத்சலா?" என்றார்கள் ஆச்சி. "எனக்கு இல்ல ஆச்சி, சுவருக்கு" என்றேன். பழம் வந்தது. பாதியாக வெட்டினதை வாங்கி, நல்ல கறுப்பாக இருந்த ஒரு இடத்தில் அழுத்தித் தேய்த்தேன். சாறு கோடாக வழிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நான் நினைத்தது தப்போ என்று ஒரு கணம் பயமும், தப்பாக இருந்தால் நல்லது என்று அதே கணத்தில் இன்னொன்றும். மறுபடி தேய்த்தேன். கருநீலம் சாம்பலாயிற்று. சாம்பல் பழுப்பாயிற்று. புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தபோது அடியில் தேன் நிறம், ஒரு உள்ளங்கை அளவு, சுற்றிலும் இருட்டின் நடுவில். பெனிலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "உங்க போர் தண்ணியில இரும்பு இருக்கு ஆச்சி, இந்த மரத்துல துவர்ப்பு இருக்கு, நெல்லிக்காயை இரும்புச் சட்டியில போட்ட மாதிரி. மரத்துலயும் குறை இல்ல, செஞ்சதுலயும் குறை இல்ல. பாலிஷ் போடலேன்னு சொன்னேனே, அது காரணம் இல்ல, நான் சொன்னது தப்பு." சொல்லிவிட்டேன், அவள் முன்னால், என் வாயால். "அப்ப யார் தப்பு?" என்றார்கள் ஆச்சி. பஞ்சவர்ணம் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள். "தண்ணியோட தப்பு" என்றேன். "இல்ல மேடம், ஈரம் படக் கூடாதுன்னு நான்தான் சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றாள் பெனிலா. ஆச்சி கொஞ்ச நேரம் சுவரில் இருந்த வளைவுகளையே பார்த்தார்கள், பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள். "தெனம் தொடைன்னு நான்தானே சொன்னேன்" என்றார்கள் மெல்ல, "அவ என்ன பண்ணுவா, சொன்னதைச் செஞ்சா." அவ்வளவுதான், நான் பயந்தது மாதிரி, பயந்ததாகச் சொல்லிக்கொண்டது மாதிரி, யார் வயிற்றிலும் அடி விழவில்லை.

"பிடுங்க வேணாம்மா" என்று ஆச்சி பெனிலாவின் கையைப் பிடித்தார்கள். "தம்பிகிட்ட நான் சொல்லிர்றேன். அடுத்த வாரம் நீ பாண்டிச்சேரி போயி எடத்தைப் பாத்துட்டு வந்துரு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நல்லவேளை வத்சலா, நீங்க வந்தீக" என்றார்கள். நல்லவேளை. டாக்டரிடம் சொல்வது மாதிரி, பிளம்பரிடம் சொல்வது மாதிரி. நான் அதே சிரிப்பைச் சிரித்தேன். பெனிலா என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள், தோளோடு தோள் இடிக்க, முன்பு ஆபீசில் நிற்பது மாதிரி. "மேடம், முழுச் சுவருக்கும் எலுமிச்சம்பழம் போதாதே, என்ன போடணும்?" "ஆக்ஸாலிக் ஆசிட்." "எவ்வளவு கலக்கணும்? அப்புறம் எதால கழுவணும்? நல்ல தண்ணிதானே? கையுறை போட்டுக்கணுமா? அதுக்கப்புறம் எண்ணெய் போடலாமா, மறுபடி நிறம் ஒரே மாதிரி வருமா?" கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், எதையும் மிச்சம் வைக்கவில்லை, வைக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றியது, வைக்கவில்லை. எல்லாம் அந்தக் கண்ணுக்குள் போனது. பாண்டிச்சேரிக்குப் போகும், அங்கே ஏதோ ஒரு சுவராகும், மறுபடி இரண்டு பக்கப் படமாக என் சாப்பாட்டு மேசைக்கு வரும். "மேடம், இந்தப் பக்கம் நான் தேய்க்கட்டுமா?" அவள் கை நீட்டினாள். "வேண்டாம்" என்றேன். அடுத்த பாதிப் பழத்தை எடுத்துக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் கறுத்து, நகக்கண்ணில் சாறு எரிந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காதபடி சுவரோடு நெருங்கி நின்று தேய்த்தேன், ஒரு வளைவு போனது, இன்னொரு வளைவு போனது, என் கைக்கு அடியில் அவளுடைய மரம் ரேகை ரேகையாக வெளியே வந்துகொண்டிருந்தது, அவ்வளவு அழகாக, என்னால் அதை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை.